கதவு திறந்தே இருந்துச்சு

— இந்தக் கடுதாசியில இருக்கறது யாரோட வார்த்தை? கம்பெனியோடதா, உன்னோடதா? அதை மட்டும் சொல்லு, நான் போயிடறேன்.

— எந்தக் கடுதாசிக்கா?

— டேய், கூடப் பொறந்தவகிட்டயே நடிக்காதே. காலையில ஏழு மணிக்கு ஆள் அனுப்பிக் கையெழுத்து கேக்கறாங்க. "கடைசி வாரத்தில் கதவு விஷயமாக நேர்ந்த பிழைக்கு, கன்டினியூட்டி பார்த்த நானே முழுப் பொறுப்பு. எழுத்தாளருக்கு இதில் பங்கில்லை." கம்பெனிக்காரன் எழுதினா இந்த ரெண்டாவது வரி வருமா? எழுத்தாளர் இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்கறவன் அவன்.

— சரி. நான்தான் எழுதிக் குடுத்தேன். கேட்டாங்க, குடுத்தேன்.

— கேட்டா குடுத்துடுவியா? நாளைக்கு என் தலையைக் கேட்டா?

— கத்தாதேக்கா. இது பிளைவுட் சுவரு. அந்தப் பக்கம் மேஸ்திரியோட ஆளுங்க செட்டைப் பிரிச்சுட்டு இருக்காங்க.

— கேக்கட்டும். நாப்பது வாரம் இதே வீட்டுக்குள்ள நின்னு உன் கதாநாயகி கத்தினா, நாடே உட்கார்ந்து கேட்டுச்சு. நான் ஒரு நாள் கத்தினா உனக்குக் கூசுதா?

— முதல்ல உட்காரு.

— எதுல உட்கார? சோபாவைத் தூக்கிட்டுப் போயாச்சு. சமையல்கட்டையும் காணோம். இந்த ஹாலும் வாசக்கதவும்தான் மிச்சம். நல்லவேளை, எனக்கு வேண்டியதும் அதுதான்.

— இங்க பாரு, ஒரு கையெழுத்து. அதுக்கு இவ்வளவு ஆட்டமா?

— ஒரு கையெழுத்தா? பத்தொன்பது வருஷமாடா. மானிட்டர் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு, மடியில நோட்டை வச்சு, கப் எந்தக் கையில இருந்துச்சு, கிளாஸ்ல தண்ணி எவ்வளவு இருந்துச்சு, சட்டையில எத்தனை பட்டன் திறந்திருந்துச்சுன்னு எழுதி எழுதி என் விரல்ல காய்ப்பு காய்ச்சிருக்கு. பத்தொன்பது வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், "இங்க இடிக்குதே"ன்னு கேட்டதில்லை. நோட்டு அக்கா இருந்தா கண்ணை மூடிட்டு எடுக்கலாம்னு டைரக்டர்ங்க சொல்லுவாங்க. அடுத்த சீரியல்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க, தெரியுமா? இன்னிக்குக் காலையில. கடுதாசி கொண்டு வந்த பையனே சொல்லிட்டுப் போறான், "பாவம்க்கா நீங்க"ன்னு.

— ஆறு மாசம் போனா எல்லாரும் மறந்துடுவாங்க. நானே திரும்ப உள்ள கொண்டு வர்றேன்.

— நீ என்னைக் கொண்டு வர்றியா? உன்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டு வந்ததே நாங்கடா. நானும் உன் மாமாவும்.

— அதைச் சொல்லாம உனக்கு ஒரு நாள் போகாதே.

— ஏன் பிழை என்னோடதுன்னு எழுதினே? வரிசையா சொல்லு.

— ஏன்னா பிழை உன்னோடது. நேத்து எட்டரைக்குக் கடைசி வாரம் முடிஞ்சது. ஒன்பது மணி வரைக்கும் ஆஹா ஓஹோ. "அழுதுட்டேன்", "எங்கம்மா சாப்பிடவே இல்லை", "இப்படி ஒரு முடிவு பாத்ததே இல்லை". ஒன்பதே காலுக்கு ஒருத்தி எழுதறா. "மூணாவது வாரம் அந்தக் கதவு காத்துக்குச் சாத்தித் தானா பூட்டிக்கிச்சு. கதாநாயகி சாவி இல்லாம ஈரத் தலையோட மாடிப்படியில ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தா. அதே கதவு, புருஷன் செத்த அன்னிக்கு அவனோட கூட்டாளி வந்து பாத்ததா கடைசி வாரத்துல காட்டினப்போ மட்டும் எப்படித் திறந்தே இருந்துச்சு?" அவ்வளவுதான். காலையில பாத்தா ஆயிரம் பேர் அதையே கேக்கறான். கதவை ஞாபகம் வச்சுக்கறது யார் வேலை? என் வேலையா?

— தண்ணிக் கேள்வி.

— என்னது?

— உன் மாமா சொல்லுவாரே. மறந்துட்டியா? எடிட்டிங் ரூம்ல உட்கார்ந்து சொல்லுவார். "பாக்கறப்போ ஜனங்க அழுதுட்டு இருப்பாங்க, ஒண்ணும் தெரியாது. முடிஞ்சு எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணி குடிப்பாங்க பாரு, அப்போ வரும் கேள்வி. அதுக்குப் பதில் இல்லாதவன் கதை எழுத வரக்கூடாது."

— வரக்கூடாதுன்னு எனக்குத்தான் சொன்னாரு. வேற யாருக்கும் சொல்லல.

— ஆமா. உனக்குத்தான்.

— செத்தவரை எதுக்கு இழுக்கறே? நாம கதவைப் பத்திப் பேசிட்டு இருக்கோம்.

— நானும் கதவைப் பத்தித்தான் பேசறேன்.

— அக்கா, ரைட்டர் சார், தப்பா நினைக்காதீங்க. இந்த வாசக்கதவைக் கழட்டணும். சட்டத்தோட வேணும்னு அடுத்த கம்பெனியில கேட்டிருக்காங்க.

— வாங்க மேஸ்திரி. கதவு அஞ்சு நிமிஷம் நிக்கட்டும். நீங்களே சொல்லுங்க, இந்தப் பூட்டைக் கேட்டது யாரு?

— நீங்கதான் அக்கா. தப்பா நினைக்காதீங்க, மறந்துட்டீங்களா? சார் கதையில எழுதியிருந்தாரு, நீங்க என்னை உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்க. "இதே கதவு, இதே பூட்டு, அச்சு அசலா வேணும் மேஸ்திரி"ன்னீங்க. சாத்தினா போதும், தானே பூட்டிக்கும். அப்புறம் வெளியில இருந்து சாவி இல்லாம, செஞ்ச நானே வந்தாலும் திறக்க முடியாது.

— உள்ள இருந்து?

— உள்ள இருந்து கைக்குழந்தை கூடத் திறக்கும்.

— கடைசி நாள் ஷூட்டிங்ல என்ன ஆச்சு? அதையும் சொல்லுங்க, சார் கேக்கட்டும்.

— அதை ஏன் கேக்கறீங்க. சாரு "கதவு லேசா திறந்தே இருக்கணும்"னாரு. இது நிக்க மாட்டேன்னு ஒரே அடம். ஜன்னல் காத்து பட்டாலே படார்னு சாத்திக்குது. மூணு டேக் போச்சு. அப்புறம் நான்தான் கேமராவுக்குத் தெரியாம அடியில ஒரு மரத்துண்டைச் செருகினேன். நேத்து சீரியல் முடிஞ்சதும் எங்க வீட்டுல கேக்கறா. "ஏங்க, கதவு செஞ்சது நீங்கதானே, அது எப்படிங்க திறந்து நின்னுச்சு?" நான் மரத்துண்டு கதையைச் சொன்னேன். "அப்படின்னா அந்தக் கூட்டாளிப் பயகிட்டதான் ஏதோ இருக்கு, அவன் மூஞ்சியே சரியில்ல"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தா. அவ நிம்மதியாத் தூங்கிட்டா. எனக்குத்தான் தூக்கம் போச்சு.

— மேஸ்திரி, ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன்.

— வர்றேன் சார். கதவு மேல மட்டும் சாயாதீங்க. ஆணியெல்லாம் தளர்த்தியாச்சு. தப்பா நினைக்காதீங்க.

— கேட்டியா? மேஸ்திரி பொண்டாட்டி படுக்கையில இருந்துட்டே கண்டுபிடிச்சுட்டா.

— அதைத்தான் நானும் சொல்றேன். அவளே கண்டுபிடிச்சதை நீ ஏன் கண்டுபிடிக்கல? ஸ்டூல்ல உட்கார்ந்து என்ன பண்ணிட்டு இருந்தே?

— அழுதுட்டு இருந்தேன்.

— என்ன?

— அழுதுட்டு இருந்தேன்டா. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா மானிட்டரைப் பாக்காம முந்தானையால... கையால மூஞ்சியை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ எழுதினது யார் கதை? பொண்டாட்டி ஷூட்டிங்ல இருக்கா, புருஷன் வீட்டுல தனியா மார்வலி வந்து துடிக்கறான், மூணு பத்துக்கு அவளைக் கூப்பிடறான், அவ ஃபோன் எடுக்கல. செத்துடறான். என் வீடு, என் கதவு, என் புருஷன். இதை மானிட்டர்ல பாத்துக்கிட்டு நான் கதவுக் கணக்கு எழுதணுமா?

— எழுதறதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டுட்டுத்தான் எழுதினேன். "எழுது"ன்னே.

— எழுதுன்னேன். ஏன்னா நீ சொன்னே, "உனக்காக எழுதறேன்க்கா. நீ உன்னையே தின்னுக்கிட்டு இருக்கே. அவளுக்குக் கிடைக்கற மன்னிப்பு உனக்கும் கிடைக்கட்டும்"னு சொன்னே.

— உண்மையாத்தான் சொன்னேன். கடைசிக் காட்சியில அந்தக் கூட்டாளி அவகிட்ட என்ன சொல்றான்? "நீ எடுத்திருந்தாலும் அவன் பிழைச்சிருக்க மாட்டான்." அந்த வசனத்தை உனக்குத்தான் எழுதினேன். அதுக்குத்தான் நாடே அழுதுச்சு.

— இதோ, கடுதாசியை விரிக்கறேன்.

— எதுக்கு?

— கையெழுத்துப் போடறேன். அன்னிக்கு நான் பாக்கல, அது என் பிழைதான். ஒத்துக்கறேன். ஆனா போடறதுக்கு முன்னாடி நீ எனக்கு வரிசையா பதில் சொல்லணும்.

— கேளு. கேட்டுத் தொலை.

— இதோ நோட்டு. நீ முதல் முதல்ல எழுதிக் குடுத்த கடைசி வாரம் இதுல ஒட்டியிருக்கு. உன் கையெழுத்துதானே? படி.

— "கூட்டாளி படியேறி வருகிறான். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுக்கிறான். கதவைத் திறக்கிறான்."

— பக்கத்துல சிவப்பு மையில நான் என்ன எழுதியிருக்கேன்?

— "இவனிடம் சாவி ஏது?"

— நான் கேட்டதும் நீ என்ன பண்ணே?

— அந்த வரியை அடிச்சேன். "கதவு லேசாகத் திறந்திருக்கிறது"ன்னு மாத்தினேன். நீ கேட்டதால மாத்தினேன். இப்போ அதுக்கும் நானா?

— நான் அடிக்கச் சொல்லலையே. ஏதுன்னுதானே கேட்டேன். உனக்கு நாலு வரி போதாதா? "பக்கத்து வீட்டுல ஒரு சாவி குடுத்து வச்சிருந்தாங்க"ன்னு எழுதலாம். "பொண்டாட்டி சாவியை ஆள்கிட்ட குடுத்து அனுப்பினா"ன்னு எழுதலாம். நாப்பது வாரம், செத்துட்டான்னு நம்ப வச்ச வில்லனைக் கோமாவுல இருந்து எழுப்பினவன் நீ. ஒரு சாவிக்குக் காரணம் சொல்ல உனக்கு வரலையா?

— தோணல. அவசரம். மறுநாள் ஷூட்டிங்.

— மத்த எல்லாத்துக்கும் தோணுச்சே. கடிகாரம் ஏன் நின்னிருக்குன்னு கேட்டேன், உடனே பதில் சொன்னே. ஒத்தச் செருப்பு ஏன் வாசல்ல கிடக்குன்னு கேட்டேன், சொன்னே. செத்தவன் ஃபோன் திரையில எதுக்கு ரெண்டு ஃபோன் கால்னு கேட்டேன், "ஒண்ணே ஒண்ணு இருந்தா திரை மொட்டையா இருக்கும்க்கா"ன்னு அதுக்குக் கூட டக்குன்னு சொன்னே. சாவின்னு கேட்டதும் மட்டும் உன் மூஞ்சி போன போக்கு எனக்கு இப்போ ஞாபகம் வருது.

— உனக்கு என்ன ஆச்சு இன்னிக்கு? போலீஸ் மாதிரி பேசறே.

— நேத்து நானும் பாத்தேன். வீட்டுல, தனியா. அழுதேன். உன் வசனம் வந்தப்போ உன்னை மனசுக்குள்ள வாழ்த்தினேன்டா, எங்க அம்மா வயித்துல பொறந்த ஒருத்தனுக்காவது என் மனசு தெரிஞ்சுதேன்னு. முடிஞ்சது. டிவியை அணைச்சேன். எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணி எடுத்தேன். வாசக்கதவைச் சரியாச் சாத்தாம விட்டிருந்தேன் போல. காத்துக்குப் படார்னு சாத்திக்கிச்சு. டக்குன்னு பூட்டு விழுந்துச்சு. கிளாஸைக் கீழ வச்சுட்டு அந்தக் கதவையே போய்ப் பாத்தேன்.

— அக்கா.

— அந்தச் சத்தத்தைத் தினம் கேக்கறேன். ஆறு வருஷமா. ஆயிரம் பேர் உன் சீரியல் கதவைப் பத்திக் கேக்கறாங்க. நான் என் வீட்டுக் கதவைப் பத்திக் கேக்கறேன். அன்னிக்கு நாலு மணிக்கு நான் உனக்கு ஃபோன் பண்ணேன். "மாமா கூப்பிட்டிருக்கார், திரும்பக் கூப்பிட்டா எடுக்கல, நீ போய்ப் பாரு"ன்னு. நீ போனே. பாத்தே. ஆஸ்பத்திரி வாசல்ல என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னே?

— ஆறு வருஷம் முன்னாடி சொன்னதெல்லாம் எனக்கு...

— "கதவு திறந்தே இருந்துச்சுக்கா. உள்ள போனேன், விழுந்து கிடந்தாரு." இதான் சொன்னே. எழுத்து மாறாம இதையே உன் கூட்டாளியும் சொல்றான் கடைசி வாரத்துல. எப்படிடா திறந்திருந்துச்சு?

— மாமாவே திறந்து வச்சிருப்பாரு. மூச்சு முட்டியிருக்கும். யாரையாவது கூப்பிடத் திறந்திருப்பாரு.

— அது நிக்காது. மேஸ்திரி மரத்துண்டு வச்சுத்தானே நிறுத்தினாரு? என் வீட்டுல யார் வச்சது?

— அது... அவரே விழுந்தது கதவுக்குக் குறுக்கால இருந்திருக்கலாம்.

— எங்க கிடந்தாரு?

— ஹால்ல.

— ஹால்ல எங்க?

— சோபா பக்கத்துல.

— கதவுல இருந்து பதினாலு அடி. அளந்து குடுத்துத்தான் இந்த செட்டையே போட்டோம். உனக்கு ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லக் கூட வராதுடா. அதனாலதான் உன் கதையில ஓட்டைன்னு அவர் சொன்னாரு.

— அதைச் சொல்லாதே. அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே.

— ஓட்டை. ஓட்டை. ஓட்டை. வீட்டுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என் பையில, ஷூட்டிங்ல. இன்னொண்ணு அவரோட கொத்துல, ஸ்கூட்டர் சாவியோட சேர்ந்து.

— அந்தக் கொத்து ஆணியில தொங்குச்சு. நீயே பாத்தே.

— பாத்தேன். எப்போ பாத்தேன்? எல்லாம் முடிஞ்சு சாயந்தரம் வந்து பாத்தேன். வலது பக்கத்து ஆணியில தொங்குச்சு. அவர் பதினொரு வருஷமா இடது ஆணியிலதான் மாட்டுவாரு. வலது ஆணி என்னோடது. அன்னிக்கு என் கண்ணு அதைப் பாத்துச்சு. பாத்த கண்ணுதான். ஆனா மனசு எழுதிக்கல. அழுதுட்டு இருந்தேன்ல. எங்க இடிக்குதுன்னு அழறவளுக்குத் தெரியாது. தண்ணி குடிக்கறவளுக்குத்தான் தெரியும். எனக்குத் தண்ணி குடிக்க ஆறு வருஷம் ஆச்சு.

— இப்போ என்ன சொல்ல வர்றே? நான் மாமாவைக் கொன்னேங்கறியா?

— நான் ஒண்ணும் சொல்லல. அந்தச் சாவிக்கொத்து உன் சட்டைப் பையில எப்படி வந்துச்சுன்னு கேக்கறேன். முதல் தடவை உன்னை அறியாம உண்மையை எழுதிட்டே. நான் முட்டாள் மாதிரி அதைப் பிழைன்னு சிவப்பு மையில வட்டம் போட்டேன். என் தொழில்லயே நான் பண்ண பெரிய பிழை அதுதான். சொல்லு.

— கதவைச் சாத்து.

— அது செட்டு கதவுடா. அந்தப் பக்கம் வீடு இல்ல, சிமெண்ட் தரைதான். சொல்லு.

— ரெண்டு மணிக்குப் போனேன்.

— எங்க?

— உன் வீட்டுக்கு. அன்னிக்கு ரெண்டு மணிக்கு. மாமா சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருந்தாரு. என் முதல் சினிமாக் கதை அவர் மடியில இருந்துச்சு. பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல கோடு. "தம்பி, நாலு மணிக்கு முதலாளியைப் பாக்கப் போறேன். இதை இப்போ எடுக்காதீங்க, ஒரு வருஷம் போகட்டும்னு சொல்லப் போறேன். நாப்பத்திரண்டு ஓட்டை இருக்குப்பா"ன்னாரு. எண்ணி வச்சிருந்தாருக்கா. நாப்பத்திரண்டு. முதலாளி சரின்னு சொல்லியாச்சு, ஆர்ட்டிஸ்ட் கூட முடிவாச்சு. எட்டு வருஷம் நாய் மாதிரி அலைஞ்சு வாங்கின வாய்ப்பு. வீட்டு மனுஷனே போய்க் கெடுக்கப் போறேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு.

— அவர் எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு.

— கெஞ்சினேன். கால்ல விழாத குறை. "உன் நல்லதுக்குத்தான்பா"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு ஒரு ஆத்திரம். ஆணியில தொங்கின கொத்தை எடுத்துச் சட்டைப் பையில போட்டேன். "எப்படிப் போறீங்கன்னு பாக்கறேன்"ன்னு சொல்லிட்டுக் கதவை அடிச்சுச் சாத்திட்டு வந்துட்டேன். ஸ்கூட்டர் சாவி இல்லாட்டிப் போக மாட்டாரு, நாலு மணி தாண்டிடும், முதலாளி ஊருக்குக் கிளம்பிடுவாரு. அவ்வளவுதான் என் மூளையில இருந்துச்சு. ஒரு சாயந்தரம் அவரை வீட்டுல உட்கார வைக்கணும். வேற ஒண்ணும் இல்லக்கா.

— ஸ்கூட்டர்ல போனா ஆஸ்பத்திரி நாலு நிமிஷம்.

— தெரியும்.

— டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா? "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா"ன்னாரு. நீ என் பக்கத்துல நின்னுட்டு இருந்தே. என் தோள்ல கை போட்டுட்டு நின்னே.

— தெரியும்க்கா.

— நாலு மணிக்கு நான் கூப்பிட்டப்புறம் போனே. அதே சாவியால திறந்தே. அவரைப் பாத்தே. கொத்தை ஆணியில மாட்டினே. அவசரத்துல வலது ஆணியில. அப்புறம் எனக்கு ஃபோன் பண்ணி அழுதே.

— நடிச்சு அழலக்கா. அது நிஜம்.

— அப்புறம் அந்தக் கதையை எடுத்தாங்க. நாப்பத்திரண்டு ஓட்டையோட. சினிமா தொடங்கற முதல் கார்டுல "மாமாவுக்குக் காணிக்கை"ன்னு அவர் படத்தைப் போட்டே. தியேட்டர்ல நான் எழுந்து நின்னு கை தட்டினேன்டா, பாவி. கை தட்டினேன்.

— என்ன பண்ணச் சொல்றே? அன்னிக்கே சொல்லியிருந்தா நீ என்னை மன்னிச்சிருப்பியா?

— மாட்டேன். ஆனா என்னை மன்னிச்சிருப்பேன். ஆறு வருஷம். டேக் நடக்கும்போது எல்லார் ஃபோனும் கூடையில இருக்கணும்னு செட்டுல சட்டம் போட்டவளே நான். மூணு பத்துக்கு அவர் கூப்பிட்டப்போ என் ஃபோன் அந்தக் கூடைக்குள்ள கிடந்துச்சு. கூடைன்னு ஒண்ணைப் பாத்தாலே வேற பக்கம் திரும்பிக்குவேன். காய்கறி வாங்கக் கூடப் பைதான் கொண்டு போறேன், கவனிச்சிருக்கியா? கவனிச்சிருப்பே. கவனிச்சு எழுதினியே, பதினேழாவது வாரத்துல. நல்ல காட்சின்னு எல்லாரும் பாராட்டினாங்க.

— உன்னை அழ வச்சு, ஆற வைக்கத்தான்...

— என்னையா? உன் கதையில மன்னிப்பு யாருக்குக் கிடைச்சுது? கடைசியில அவ யாரைக் கட்டிப்பிடிச்சு அழறா? அந்தக் கூட்டாளியை. "நீ இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்"ங்கறா. எனக்கு எழுதறேன்னு சொல்லிட்டு உனக்கு எழுதிக்கிட்டியேடா. அதையும் என் கையாலயே சரிபாக்க வச்சே.

— திட்டு. நல்லாத் திட்டு. ஆனா ஒண்ணு மட்டும் நம்பு. நான் கிளம்பறப்போ அவர் நல்லாத்தான் இருந்தாரு. சிரிச்சுட்டுத்தான் இருந்தாரு. வலி அப்புறம்தான் வந்திருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு வாடகை ரூம்ல படுத்துக் கூரையைப் பாத்துட்டு இருந்தேன். நீ கூப்பிடற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சிருந்தா சாவியோட பறந்திருக்க மாட்டேனா? நீ வளர்த்த பிள்ளைக்கா நான்.

— தெரியாதா?

— சத்தியமா தெரியாது.

— தப்பா நினைக்காதீங்க, டீ ஆச்சு. வண்டி வந்து நிக்குது. கதவைக் கழட்டிக்கட்டுமா அக்கா?

— கழட்டுங்க மேஸ்திரி. பேனா இருக்கா உங்ககிட்ட?

— பென்சில்தான் இருக்கு அக்கா, காதுல.

— இந்தாக்கா, என் பேனா. வேண்டாம்னா கையெழுத்துப் போட வேண்டாம். நான் கம்பெனியில பேசிக்கறேன். பிழை என்னோடதுன்னு சொல்லிடறேன்.

— சொன்னா சொன்னதுதான். போடறேன். நீ கோபத்துல பண்ணது. தெரியாம நடந்தது. கூடப் பொறந்தவனை எங்க கொண்டு போய்த் தொலைக்க. இந்த நோட்டு மேல வச்சுப் போடறேன், பிடி அந்த மூலையை.

— சார், ஒரு கை குடுங்களேன். சரி வேண்டாம், பேசுங்க, நானே தூக்கிக்கறேன். கனமே இல்ல. பாக்கத்தான் தேக்கு.

— பாத்துப் போங்க மேஸ்திரி.

— போடுக்கா. கை ஏன் நிக்குது?

— இந்தப் பக்கம்.

— எந்தப் பக்கம்?

— நோட்டு திறந்துக்கிட்ட பக்கம். ஃபோன் காட்சி. "செத்தவன் ஃபோன் திரை, அண்மைக் காட்சி. ரெண்டு அழைப்பு. 3.10, 3.12." என் கையெழுத்துதான். ஆயிரம் பேர்ல ஒருத்தன் கூட இதைக் கேக்கல.

— அதான் சொன்னேனே. திரை மொட்டையா இருக்கும்னு.

— மூணு பத்து பொண்டாட்டிக்கு. அவ எடுக்கல. அது சரி. அவரோட நிஜ ஃபோனை ஆஸ்பத்திரியில நீதான் என் கையில குடுத்தே. அதுல அவர் பண்ணதுன்னு அந்த ஒரே ஒரு கால்தான் இருந்துச்சு. எனக்கு. மூணு பத்து. மூணு பன்னிரண்டுன்னு ஒண்ணு அதுல இல்லவே இல்லையே.

— அக்கா, வண்டிக்காரன் காத்துட்டு இருக்கான். போட்டுட்டுக் கிளம்பலாம்.

— ஃபோன்ல இருந்து அழிச்சுட்டு, சாவி மாதிரி இதையும் அறியாம கதையில எழுதிட்டியா?

— விடுக்கா. உன் கால்ல விழறேன், இதை விட்டுடு.

— கால்ல விழாதே. வரிசையா சொல்லு. மூணு பன்னிரண்டு யாருக்கு?

— எனக்கு.

— நீயும் எடுக்கலையா?

— எடுத்தேன்க்கா.